மழைக்குத் தண்ணீர் வருமா?

— ஊடு புட்ச்சிருக்குன்னுதான் அந்த பார்ட்டி சொன்னாரு சார். புடிக்கலன்னு ஒரு வார்த்தை அவரு வாய்லேர்ந்து வர்ல.

— பிடித்திருந்தால் நேற்று ஏன் வரவில்லை, பூபாலன்? ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதுக்குள் முன்பணம் தருகிறேன் என்று சொன்னவர் அந்த ஹேமநாதன்தான். வடிவு தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு எடுத்து வைத்திருந்தாள். பதினோரு மணிக்கு வெற்றிலை வாடிவிட்டது.

— பார்ட்டின்னா அப்டித்தான் சார் இழுப்பாங்கோ. இவராவது பரவால்ல. கரையான்சாவடில ஒரு ஊடு காட்னேன். வாங்க வந்தவன் கக்கூஸ்ல போய்க் கதவ சாத்திக்கினு கால் மணி நேரம் உக்காந்துட்டான். வெளிய வந்து, காத்து வர்ல, வேணாம்னுட்டான்.

— இவர் எந்த விதத்தில் குறைந்துவிட்டார்? முதல் நாள் போர் தண்ணீரை டம்ளரில் வாங்கிக் கொப்பளித்து, என் கண் முன்னாலேயே துப்பினார். இரண்டாம் நாள் கூடத்தில் கோலிக்குண்டை உருட்டி, தரை எந்தப் பக்கம் சரிகிறது என்று பார்த்தார். மூன்றாம் நாள் மாமியாரையும் மைத்துனரையும் அழைத்து வந்தார். அந்த அம்மாள் சமையலறையில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டார். வீடு வாங்குகிறாரா, எனக்குத் தேர்வு வைக்கிறாரா?

— கோவப்படாதிய. ஆவடி பாக்டரில முப்பத்தினாலு வருசம் நீங்க பாத்த வேல என்ன? ஒவ்வொரு சாமானையும் அளந்து பாத்து, மயிரிழை கூடினாலும் ஆவாதுன்னு தள்ளினிய. இப்பம் ஒருத்தர் நம்ம வீட்ட அளந்தா பொத்துக்கிட்டு வருதாக்கும்.

— நான் அளந்தது இரும்பு, வடிவு. இரும்புக்கு அவமானம் கிடையாது.

— த பாரு சார், அம்மா சொல்றது கரெக்ட்டு. நீ பேசறது ரேடியோல செய்தி வாசிக்கற மாரி கீது. பார்ட்டிங்க மெரள்றாங்கோ.

— மிரளுவதற்குக் காரணம் என் பேச்சு அன்று. இதற்கு முன் இரண்டு பேர் வந்தார்கள். பிடித்திருக்கிறது என்றார்கள். மறுநாள், மழைக்குத் தண்ணீர் வருமா சார், ஏரி நிறைந்தால் வீட்டுக்குள் புகுமா என்று கேட்டார்கள். வராது என்றேன். அதன் பிறகு ஆளைக் காணவில்லை. ஹேமநாதனும் வெள்ளிக்கிழமை காலை போனில் அதையே கேட்டார். கடைசியாக ஒரு தடவை கேட்கிறேன் சார் என்று அழுத்திக் கேட்டார். இந்தத் தெருவில் ஒருவர் சொல்லாமல் இது நடக்காது. அந்த ஒருவர் யார் என்பதும் எனக்குத் தெரியும்.

— மறுபடியுமா? வெள்ளிக்கிழம பேசினது பத்தாதா உங்களுக்கு?

— இன்னா சார், யார சொல்ற? எதுத்த ஊட்டு சுலைமான் பாயா?

— அவரேதான்.

— பூபாலா, நீயே கேளு. அன்னைக்கி அண்ணாச்சி தொழுதுட்டு வந்து அவிய வாசல்ல நாலு பேரோட நிக்காவ. இவுக நேரா போயி, கூட இருந்தே குடி கெடுக்கிற ஆளுன்னு சொல்லிட்டாவ. முப்பத்தோரு வருசம் பழகின மனுசன. அந்த நாலு பேரு முன்னாடி.

— அய்யய்யோ. பாய் இன்னா சொன்னாரு?

— என்ன சொல்லுவாவ? வெயில்ல நிக்காதிய சார், உள்ள வாங்கன்னாவ. அவ்வளவுதான். இவுக அதுக்கும், இனி உம்ம முகத்துல முழிக்க மாட்டேன்னு கத்திட்டு வந்துட்டாவ.

— உண்மை இல்லையென்றால் மறுத்திருக்க வேண்டும். ஏன் மறுக்கவில்லை?

— பாய் அப்டி போட்டுக் குடுக்கற ஆளு இல்ல சார்.

— போட்டுக்கொடுக்க வேண்டியதே இல்லை, பூபாலன். கேட்டால் போதும். அவருக்குப் பொய் சொல்ல வராது. அதுதான் சிக்கல். பொங்கலுக்கு மறுநாளே அவரிடம் சொன்னேன். வீட்டை விற்கப்போகிறோம், வடிவுக்கு முன்போல வீட்டு வேலை செய்ய முடியவில்லை, கோயம்புத்தூரில் மகள் கலைவாணியோடு போய் இருக்கப்போகிறோம், யாராவது விசாரித்தால் வெள்ளம் வந்ததில்லை என்று மட்டும் சொல்லிவிடுங்கள் என்றேன்.

— அதுக்கு?

— துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பார்க்கலாம் சார் என்றார். பார்க்கலாம் என்றால் என்ன பொருள்? மாட்டேன் என்பதுதானே?

— கடையில லுங்கி வாங்க வாறவங்கிட்ட, இது சாயம் போவும் தம்பி, அடுத்தத எடுன்னு சொல்லுத மனுசன். அவியகிட்ட போயி பொய் சொல்லச் சொல்ல உங்களுக்கு எப்படி வாய் வந்துச்சு?

— அதையேதான் நானும் சொல்கிறேன். சாயத்துக்கே பொய் சொல்லாதவர், ஏரித் தண்ணீருக்குச் சொல்வாரா?

— சார், நா ஒண்ணு சொன்னா கோச்சிக்க மாட்டியே? மொத வந்த ரெண்டு பார்ட்டிக்கும் தண்ணிலாம் பிரச்சனை இல்ல. லோன் கெடைக்கல. அவ்ளோதான்.

— என்ன? அதை ஏன் என்னிடம் சொல்லவில்லை?

— லோன் கெடைக்காத பார்ட்டியா பாத்துப் பாத்து இட்டாரேன்னு நீ வேற புரோக்கர்கிட்ட பூடுவன்னுதான் சார் கம்முனு இருந்துட்டேன். தப்புதான். பாய நீ இப்டி திட்டுவன்னு எனக்கு இன்னா தெரியும்?

— சரி, அவர்கள் போகட்டும். ஹேமநாதனுக்கு யார் சொன்னது? அவரை இப்போதே கூப்பிடு. ஸ்பீக்கரில் போடு. நானே கேட்கிறேன்.

— வேணாம் சார். அவுரு என்கிட்டயும் முழுசா ஒண்ணும் சொல்லல. அப்றம் பேசறேன்னாரு.

— கூப்பிடு என்றேன்.

— சரி சரி, போடறேன்... அண்ணாத்தே, பூபாலன் பேசறேன். சார் ஊட்லதான் கீறேன். சார் உன்கிட்ட பேசணுமாம்.

— வணக்கம் சார். ஹேமநாதன் பேசறேன். நேத்து வர முடியல, மன்னிக்கணும்.

— வணக்கம். ஒரே ஒரு கேள்வி. என் வீட்டுக்குள் வெள்ளம் வந்தது என்று உங்களிடம் சொன்னவர் எதிர்வீட்டுக்காரர்தானே? மறைக்க வேண்டாம்.

— யாரும் சொல்லல சார். நீங்களே எழுதி வெச்சிருக்கீங்க.

— நானா?

— போன தடவை நீங்களும் பூபாலனும் மொட்டை மாடியில டேங்க் பாத்துட்டு இருந்தீங்க இல்லையா? கீழ நானும் என் மச்சானும் கட்டிலுக்கு இடம் பத்துமான்னு பீரோவை நகத்தி அளந்தோம். பீரோவுக்குப் பின்னாடி சுவத்துல பென்சில் கோடு. ஸ்கேல் வெச்சுப் போட்ட கோடு. போட்டோ எடுத்திருக்கேன். படிக்கவா சார்?

— படிங்க தம்பி. நான் இவுக வீட்டுக்காரி. நல்லா சத்தமா படிங்க.

— இரண்டு, பன்னிரண்டு, இரண்டாயிரத்துப் பதினைந்து. காலை ஆறு பத்து. தரையிலிருந்து நீர்மட்டம் நானூற்று அறுபது மில்லிமீட்டர். குடும்பம் சுலைமான் வீட்டு மாடியில். அவ்வளவுதாம்மா. கீழ சாரோட கையெழுத்து.

— பெயிண்ட் அடிக்க வந்தவன் பீரோவ நகத்தவான்னு கேட்டான். முதுகு புடிச்சிக்கிடும், சுத்தி அடிச்சிட்டுப் போன்னு சொன்னது ஆரு?

— அளந்ததை எழுதிக் கையெழுத்துப் போடாமல் நான் இருந்ததே இல்லை, வடிவு. இடுப்பளவு ஈரத்தோடு வந்து அளந்தேன். பத்து வருஷம் ஆகிவிட்டது. மறந்தே போனேன்.

— எங்களுக்கும் அதப் பாத்தப்புறம்தான் சார் குழப்பம். அதனாலதான் வெள்ளிக்கிழமை உங்களுக்கு போன் பண்ணி இன்னொரு தடவை கேட்டேன். வராதுன்னு சொன்னீங்க. சரி, சனிக்கிழமை எதிர்வீட்டு பாயைப் பாக்கலாம்னு அவர் கடைக்கே போனேன்.

— சனிக்கிழமையா?

— நீங்க நாலு பேரு முன்னாடி அத்தன பேச்சு பேசின மறுநாளு.

— அவர்... சுலைமான் என்ன சொன்னார், ஹேமநாதன்?

— துணி மடிச்சிட்டு இருந்தார். அந்த வீட்டுல ஒரு சொட்டுத் தண்ணி வந்ததில்ல தம்பி, தைரியமா வாங்குங்கன்னார். நான் போட்டோவைக் காட்டினேன். உங்க மாடியிலதான் தங்கினாங்கன்னு எழுதியிருக்குதேன்னு கேட்டேன். கண்ணாடியப் போட்டு நல்லா படிச்சார். படிச்சிட்டு, எங்க வீட்டுப் படியில அவங்க காலே பட்டதில்லன்னார்.

— நாலு நாளு. நாலு நாளு அந்த மாடியிலதான் கெடந்தோம். கலைவாணிக்குக் காய்ச்சல். அண்ணாச்சியும் அவிய வீட்டுக்காரியும் மாடிப்படில படுத்துக்கிட்டு, கட்டில எங்களுக்கு விட்டாவ.

— வடிவு, போதும். என் சட்டையை எடு. நான் கடைக்குப் போகிறேன்.

— இரு சார், பேசிக்கலாம். அண்ணாத்தே, நீ ஒண்ணும் யோசிக்காத. தண்ணியா பிரச்சனை? ஊட்ட அப்டியே ஜாக்கி வெச்சு மூணு அடி தூக்கிடலாம். முத்தாபுதுப்பேட்டைல போன மாசம்தான் ஒரு ஊட்ட தூக்கினாங்கோ. ஒரு கீறல் வுழல.

— ஜாக்கிக்காரரைப் போன வாரமே விசாரிச்சுட்டேன், பூபாலன். தண்ணிக்கெல்லாம் நான் பயப்படல. வீடு எங்க எல்லாருக்கும் பிடிச்சிருக்கு. மாமியாருக்குக்கூட.

— அப்றம் இன்னா அண்ணாத்தே?

— சார் சொன்னதக்கூட நான் பெருசா எடுத்துக்கல. விக்கிறவர் அப்படித்தான் சொல்வார், பத்திரம் முடிஞ்சா கோயம்புத்தூர் போயிடுவார். ஆனா எழுத்தக் கண்ணு முன்னாடி காட்டின பிறகும் கூசாம பொய் சொல்றார் பாருங்க அந்த பாய், அந்த மனுஷன் வீட்டு எதிர்ல நான் எப்படிங்க பொண்டாட்டி புள்ளையோட குடியிருக்கிறது?