பாரம் ஏறினால் இறங்கும் சுருதி

இந்த அறை மின்விசிறிக்கு யாரும் எண்ணெய் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சுற்றும்போது மெல்லிசாக ஒரு கீச்சு வருகிறது பாருங்கள், அது லேசில் கிடைக்காது. தேநீருக்கு நன்றி. சர்க்கரை கொஞ்சம் தூக்கல், பரவாயில்லை. லிஃப்ட் விஷயத்தை முழுவதுமாகச் சொல்லுங்கள் என்றீர்கள். சொல்கிறேன், எனக்கென்ன ஒளிவுமறைவு. ஆனால் என் ஆல்பத்திலிருந்து ஆரம்பித்தால்தான் உங்களுக்கு விளங்கும்.

நான் எலக்ட்ரானிக் இசை செய்கிறவன். கல்யாண வீட்டில் ஆடுகிற ரகம் இல்லை. குளிர்ப்பெட்டி முனகுவது, தண்ணீர்க் குழாய் இருமுவது, டியூப்லைட் ரீங்கரிப்பது, இதையெல்லாம் பதிவு செய்து, கணினியில் போட்டு, இழுத்து நீட்டி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவேன். இந்த ஆல்பம் நீளமானது. காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கேட்க உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருக்க முடியும். அக்கா வீட்டுக்காரர், அதாவது எங்கள் அத்தான், ஒருநாள் வாசலில் நின்று கேட்டுவிட்டு, "என்னடா, மிக்ஸி ரிப்பேரா?" என்றார். தங்கமான மனிதர். காது விஷயத்தில் மட்டும் ஆண்டவன் கொஞ்சம் கஞ்சத்தனம் காட்டிவிட்டான்.

வீடு அவர்களுடையது. ஏழாவது மாடி. எனக்கென்று ஓர் அறை. அக்கா திரைச்சீலை தைத்துக் கொடுக்கிற தொழில் செய்தாள். வெளிச்சத்தம் உள்ளே வரக் கூடாது என்று என் அறையின் நாலு சுவருக்கும் கனத்த துணியை இரட்டையாக மடித்துத் தைத்து அவளே மாட்டிவிட்டாள். நான் பதிவு செய்கிறேன் என்று தெரிந்தால் தையல் மெஷினை நிறுத்திவிடுவாள். தும்மல் வந்தால் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தும்முவாள். "ஊரு ஆயிரம் சொல்லட்டும், என் தம்பிகிட்ட விஷயம் இருக்கு" என்பாள். என்ன விஷயம் என்று அவளுக்கும் தெரியாது, பாவம். முழங்கால் இரண்டும் தேய்ந்துபோய்ப் படியேற முடியாதவள். லிஃப்ட் ஓடினால்தான் அவளுக்குக் கடை கண்ணி, பிழைப்பு எல்லாம்.

அந்தக் கட்டடத்தில் எல்லோரும் வேலைக்குப் போய்விடுவார்கள். அக்காவை விட்டால், பகலில் வீட்டில் கிடப்பவன் நான் ஒருவன்தான். அதனால் குடியிருப்போர் சங்கத் தலைவர், "நீங்க சும்மாதானே இருக்கீங்க" என்று சொல்லி மொட்டைமாடியில் இருக்கிற லிஃப்ட் மோட்டார் அறையின் சாவியை என் கையில் திணித்துவிட்டார். சும்மா இருக்கிறேனாம். லிஃப்ட்காரர் வந்தால் திறந்துவிட வேண்டும், அவர் சொல்வதைச் சங்கத்தில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் வேலை.

கரும்பு தின்னக் கூலியா? அன்றைக்கே மோட்டாரின் இரும்பு உடம்பில் ஒரு சின்ன மைக்கை ஒட்டிவைத்தேன். கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. லிஃப்ட் ஒவ்வொரு மாடியிலும் நிற்கும்போது பிரேக் கட்டை சக்கரத்தில் உரசி ஒரு நீளமான குரல் எழுப்பியது. அழுகையும் இல்லை, பாட்டும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒன்று. அதிலும் ஒரு விசேஷம். உள்ளே ஆள் அதிகமானால் சுருதி இறங்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறினால் மேலே நிற்கும். மூன்றாம் மாடி குண்டு வாத்தியார் ஏறினால் அடிவயிற்றிலிருந்து வரும். மனிதருக்குத் தெரியாது, என் ஆல்பத்தின் இரண்டாம் பகுதி முழுக்க அவர்தான்.

வழக்கமான சோதனைக்கு லிஃப்ட்காரர் வந்தார். நான் ஒட்டியிருந்த மைக்கைப் பார்த்துச் சிரித்தார், அப்புறம் பிரேக்கைப் பார்த்தார், சிரிப்பு போய்விட்டது.

"கட்டை தேய்ஞ்சே போச்சு சார். ஒண்ணு ரெண்டு பேருன்னா தாங்கும். பாரம் ஏத்துனா நழுவிடும். அவசரத்துக்குப் புடிக்கிற புடியும் துருப்புடிச்சுக் கெடக்கு. நான் ஆஃப் பண்ணிட்டுப் போறேன். சங்கத்துல சொல்லிடுங்க, சாமான் வந்ததும் மாத்திடலாம்."

அவர் சொன்னது எனக்குப் புரியவில்லை என்று என் வக்கீல் சொல்லச் சொல்கிறார். அபாண்டம். நன்றாகவே புரிந்தது. புதுக் கட்டை போட்டால் அந்தக் குரல் போய்விடும் என்பதும் சேர்த்தே புரிந்தது. ஆல்பத்தில் கடைசிப் பகுதி மட்டும்தான் பாக்கி. முக்கால் கிணறு தாண்டியவனைத் திரும்பி வா என்றால் என்ன நியாயம், நீங்களே சொல்லுங்கள். அவர் தெருமுனை திரும்பியதும் லிஃப்டைப் போட்டுவிட்டேன். சங்கத்துக்குச் சொல்லவில்லை. கீழ்த்தளத்தில் 'பழுது, ஏறாதீர்' என்று ஓர் அட்டை மாட்டிவிட்டுப் போயிருந்தார். அதைக் கழற்றியதற்கு மட்டும் காரணம் வேறு. காற்றில் கதவின்மேல் படபடவென்று அடித்து, லிஃப்ட் கூண்டுக்குள் நான் வைத்திருந்த இன்னொரு மைக்கில் விழுந்துகொண்டிருந்தது. எத்தனை பதிவு அதனால் வீண் தெரியுமா.

லிஃப்ட்காரர் போன் செய்தபோதெல்லாம், "எல்லாரும் படியிலதான் போறாங்க, நீங்க மெதுவா வாங்க" என்று சொல்லிவைத்தேன். மரியாதையாகத்தான் பேசினேன். லிஃப்ட் ஓடியது, எல்லோரும் ஏறினார்கள், இறங்கினார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசிப் பகுதிக்கு அடிமட்டச் சுருதி ஒன்று வேண்டியிருந்தது. வாத்தியாரின் சுருதிக்கும் கீழே, தரையையே தொடுகிற மாதிரி. கணினியில் இறக்கிப் பார்த்தேன், பொய்யாக இருந்தது. அது எனக்கு ஆகாது. நிஜமான பாரம் வேண்டும். அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு எல்லோரும் ஒன்றாக ஏறுங்கள் என்றால் ஏன், எதற்கு என்று நூறு கேள்வி கேட்பார்கள். அக்கா கேட்க மாட்டாள்.

அப்போதுதான் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. ஒரு பெரிய ஹோட்டலின் அறைகளுக்கெல்லாம் திரை தைக்கிற வேலை அக்காவுக்கு வந்தது. துணிச் சுருள்கள் வண்டியில் வந்து கீழே இறங்கின, ஒவ்வொன்றும் ஆள் உயரம். அக்கா கீழேயிருந்து போன் செய்தாள். "கொஞ்சம் கொஞ்சமா ஏத்திட்டு வர்றேன்டா" என்றாள்.

"எதுக்குக்கா இத்தனை நடை? உன் முழங்கால் என்னத்துக்கு ஆகும்? எல்லாத்தையும் ஒரே தடவையில ஏத்தச் சொல்லு. நீயும் கூடவே வந்துரு" என்றேன்.

அவளுக்குக் குரல் தழுதழுத்துவிட்டது. "என் காலைப் பத்தி நெனைக்க நீ ஒருத்தனாச்சும் இருக்கியே" என்றாள். எனக்கும் சந்தோஷமாக இருந்தது. மோட்டார் அறையில் போய் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

கிளம்பியது. மோட்டார் திணறியது, அருமையான திணறல். நாலாவது மாடியில் யாரோ பொத்தானை அமுக்கியிருக்க வேண்டும், நின்றது. அப்போது வந்தது பாருங்கள் அந்தச் சுருதி. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கூண்டு ஒரு முழம் நழுவிவிட்டு மறுபடி பிடித்தது. கதவு திறந்திருந்தது. அக்கா போன் செய்தாள்.

"டேய், நழுவுதுடா. பயமா இருக்கு. இங்கேயே இறங்கிடவா?"

உங்களுக்கு வேண்டியது இதுதான் என்று தெரியும். இறங்கு என்று ஒரு வார்த்தை போதும். நான் யோசிக்காமல் பேசிவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். யோசித்தேன். அவள் இறங்கினால் பாரம் குறையும், சுருதி ஏறிவிடும். அதுவுமில்லாமல் ஏழாவது மாடியில் நிற்கும்போது இன்னும் நீளமாக வரும் என்று கணக்குப் போட்டேன். எங்கே போய் முடியும் என்பதும் அந்தக் கணக்கில் இருந்தது.

"ஒண்ணும் ஆகாதுக்கா. பேசாம நில்லு. ரெக்கார்ட் ஆகுது" என்றேன்.

"ஐயோ, ரெக்கார்டா? முன்னாடியே சொல்லக் கூடாதாடா" என்று உடனே குரலைத் தாழ்த்தினாள். "சரி சரி, வெச்சுடறேன்" என்று கிசுகிசுத்தாள்.

ஏழாவது மாடிக்கு வந்தது. நின்றது. கதவு திறப்பதற்குள் பிரேக் விட்டுவிட்டது. மேலிருந்து கீழ் வரைக்கும் சுருதி வழுக்கிக்கொண்டே போய், நான் தேடிய இடத்தையும் தாண்டி, காதுக்கு எட்டாத ஆழத்துக்கு இறங்கியது. பிறகு மோதல். அதை வெட்டிவிட்டேன், ரசனையாக இல்லை.

எனக்கு ஒரே கவலை, கூண்டில் இருந்த மைக்கில் அக்கா அலறியிருப்பாளோ என்று. போட்டுக் கேட்டேன். மூச்சுச் சத்தம்கூட இல்லை. காரணம் பிறகுதான் தெரிந்தது. கதவை உடைத்து அவளை வெளியே எடுத்த லிஃப்ட்காரர் சொன்னார். துணியை வாய் நிறையத் திணித்து, இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு கிடந்தாளாம். சொல்லிவிட்டு அவர் அழுதார். அத்தானுக்கு இன்னும் இதைச் சொல்லவில்லை. நீங்கள் சொல்வதானால் பக்குவமாகச் சொல்லுங்கள்.

கொலை என்று எழுதியிருக்கிறீர்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன், அதில் தகராறு இல்லை. ஆனால் பலவந்தம் என்று ஒரு சொல் இருக்கிறது, அதை அடித்துவிடுங்கள். அவள் மனசார ஒத்துழைத்தாள். ஆல்பத்தின் உறையில் அவள் பேரையும் போட்டிருக்கிறேன், என் பேருக்குக் கீழே, கொஞ்சம் சின்ன எழுத்தில்.