பச்சை மரத்துக்கு அனுமதி

எனக்கு மரங்கள் என்றால் பிடிக்கும். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. இருபது வருஷமாகக் கொடைக்கானலில் கட்டட மேஸ்திரியாக இருக்கிறேன். அனுமதியில்லாமல் ஒரு மரத்தையும் வெட்டியதில்லை. சேனாதிபதி மேஸ்திரி சட்டம் பேசுகிற ஆள் என்று கூலியாட்கள் கேலி செய்வார்கள். செய்யட்டும்.

இந்த 1961 தை மாதம் பழனி முதலாளி குருநாதன் ஏரிக்கு மேலே ஒரு லாட்ஜ் கட்ட என்னை அமர்த்தினார். அடுத்த சீசனுக்குள் திறந்தாக வேண்டும் என்றார். மனையின் நடுவே இரண்டு நாவல் மரங்கள் நின்றன.

"வெரசா வெட்டிப் போட்டுட்டுச் சோலியப் பாருங்க மேஸ்திரி. எவன் கேக்கப் போறான்?" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. முறைப்படி மனு எழுதினேன்.

வன இலாகா அதிகாரி வந்து மரங்களைத் தட்டிப் பார்த்தார். "பச்சை மரம், ஹெல்தியா நிக்குது. உயிருக்கு டேஞ்சர்னு ப்ரூஃப் இருந்தா உடனே பர்மிஷன் தர்றேன். இல்லாட்டி தொடக்கூடாதுங்க." மறுப்புக் காகிதம் மரத்துக்கு ஒன்றாக இரண்டு வந்தது. நியாயமான பதில்தான். அவர் ஆதாரம் கேட்டார். என்னிடம் அப்போது ஆதாரம் இல்லை.

அஸ்திவாரப் பள்ளத்தை நாங்கள் வானம் என்போம். அதைத் தோண்ட அவருடைய அனுமதி வேண்டியதில்லை. ஆடிக் காற்று மேற்கிலிருந்து அடிக்கும். ஆகவே முதல் மரத்தை ஒட்டி மேற்குப் பக்கம் ஆளுயரத்துக்குத் தோண்டச் சொன்னேன். குறுக்கே வந்த வேர்கள் அறுபட்டன. வேர்களைப் பற்றி விதியில் ஒரு வரியும் இல்லை, இரண்டு முறை படித்துவிட்டேன்.

காவலுக்கு அடுக்கம் என்ற மலைக்கிராமத்திலிருந்து மலைச்சாமியும் அவன் மனைவி கருப்பம்மாளும் வந்திருந்தார்கள். மலைச்சாமி நல்ல மனிதன். மரத்துக்குக் கிழக்கே கொட்டகை போட்டுக்கொள்ளச் சொன்னேன். தயங்கினான்.

"வேரறுத்த மரங்க மேஸ்திரி. எதுக்கும் அதுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்."

அவர்களிடம் அப்படி ஒரு வழக்கம். சாயங்காலம் கோடாலியை மரத்தில் சாய்த்து வைப்பார்கள். விடியும்போது நின்றால் மரத்துக்கு மனத்தாங்கல் இல்லை. விழுந்து கிடந்தால் கிட்டே போகமாட்டார்கள். மறுநாள் அதிகாலையில் நான் முதலில் போனேன். கோடாலி விழுந்து கிடந்தது. எடுத்துப் பழையபடி சாய்த்து வைத்தேன். சற்று நேரத்தில் மலைச்சாமி வந்து பார்த்துக் கும்பிட்டான்.

"மரம் சம்மதிச்சிருச்சுங்க."

இனி அரசாங்கம்தான் பாக்கி.

ஆடி இரண்டாம் ஞாயிறு மத்தியானம் மரம் சாய்ந்தது. கருப்பம்மாள் சந்தைக்குப் போயிருந்தாள். மலைச்சாமி கொட்டகைக்குள் இருந்தான். எனக்கு அழுகை வந்தது, பொய் சொல்லவில்லை. அழுதுகொண்டேதான் மனுவை எழுதினேன். அதிகாரி சொன்ன சொல் தவறாமல் மறுநாளே அனுமதி தந்தார், விழுந்த மரத்துக்கு மட்டும். அதன் பிறகுதான் ஆட்களை அதில் கைவைக்க விட்டேன்.

கருப்பம்மாளை ஊருக்கு அனுப்ப மனம் வரவில்லை. புருஷன் பார்த்த காவல் வேலையை அவளுக்கே கொடுத்தேன். புதுக் கொட்டகைக்கு இடம் காட்டியபோது இரண்டாவது மரத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"இதுவும் விழுந்துராதுல்லீங்க மேஸ்திரி?"

அந்த மரத்துக்கு வந்த மறுப்புக் காகிதத்தை எடுத்துப் படித்துக் காட்டினேன். பச்சை மரம், திடமாக நிற்கிறது, உயிருக்கு ஆபத்தில்லை. கையெழுத்து, முத்திரை எல்லாம் இருந்தது. அவள் காகிதத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

மலைச்சாமியைக் கொன்றது நான்தான், ஐயா. கையெழுத்துப் போடுகிறேன். உங்களிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இரண்டாவது மரத்துக்கும் மேற்கே வானம் தோண்டியாயிற்று. ஆடி முடிய இன்னும் பத்து நாள் இருக்கிறது. கருப்பம்மாள் அங்கேதான் இருக்கிறாள். நான் இல்லாத நேரம் பார்த்து முதலாளி அந்த மரத்தை அனுமதியில்லாமல் வெட்டிவிடுவார். யாரும் அதைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.