நாற்பத்தொரு கட்டைவிரல்

காலை ஐந்து மணி முதல் இந்தத் திடலைச் சுற்றிச் சுற்றி வந்து, இப்போதுதான் நாற்காலியில் அமர்ந்திருக்கும் அவைத் தலைவர், நம் பள்ளித் தலைமையாசிரியை வள்ளிநாயகி அம்மையார் அவர்களே. பால்மரக் காலத்திலும் செம்பனைக் காலத்திலும் இந்தப் பள்ளியின் கதவு மூடாமல் காத்து நிற்கும் தோட்டத்துப் பெரியோர்களே. பிள்ளைகளுக்குப் பாவாடை கட்டி, வேட்டி கட்டி, தலைவாரிப் பூ வைத்து அழைத்து வந்துவிட்டு, இன்னும் ஒரு வாய் காப்பி குடிக்காமல் நிற்கும் தாய்மார்களே. மந்தினிலிருந்தும் நீலாயிலிருந்தும் வேலைக்கு விடுப்பு எடுத்து வந்திருக்கும் தந்தையர்களே. என் பேச்சு எப்போது முடியும் என்று பார்த்துக்கொண்டிருக்கும் செல்லங்களே, உங்கள் அனைவரையும் இரு கை கூப்பி வணங்குகிறேன்.

நான் புனிதன். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் செயலாளர். மரபு விழாவில் ஆண்டு நடவடிக்கைகளை வாசிப்பது என் வேலை. வாசிக்கலாம். கோலப்போட்டியில் வென்றவர் யார், வாசிப்பு வாரத்தில் முந்தியவர் யார், புதிய கழிப்பறைக் கதவு எப்போது வந்தது, எல்லாம் என் சட்டைப்பையில் மடித்து இருக்கின்றன. ஆனால் மூன்று வாரமாக என் மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. உட்கார்ந்தால் எழச் சொல்கிறது, எழுந்தால் வாசலைப் பார்க்கச் சொல்கிறது. இப்போது பேசும்போதும் இரண்டு முறை வாசலைப் பார்த்துவிட்டேன். பார்த்தீர்களா? முன்வரிசையில் தலையாட்டுகிறார்கள், பார்த்திருக்கிறார்கள்.

ஆகவே அறிக்கையை மடித்தபடியே வைத்துவிட்டு, நடந்ததைச் சொல்கிறேன். சம்பந்தப்பட்ட தாயிடம் அனுமதி பெற்றுத்தான் சொல்கிறேன்.

நம் புலனக் குழுவை அறிவீர்கள். சிரிக்காதீர்கள், சரி, வாட்சப் குரூப். நாற்பத்துமூன்று குடும்பங்கள். வீட்டுக்கு ஒரே ஓர் எண் என்று சட்டம் போட்டவன் நான். ஏன் போட்டேன்? குழு கச்சிதமாக இருக்க வேண்டுமாம். காலை வணக்கப் படங்கள் குறைய வேண்டுமாம். அந்தச் சட்டத்தைப் பெருமையாக நினைத்தவனும் நான்தான்.

மூன்று வாரத்துக்கு முன், செவ்வாய்க்கிழமை. மூன்று மணிவரை நடக்க வேண்டிய கும்மிப் பயிற்சி. பதினொரு மணிக்குக் கூடாரம் கட்டுபவர் அழைத்தார். "இன்னிக்கு மதியம்தான் வர முடியும் அண்ணே, நாளையிலிருந்து விழா வரைக்கும் வேற எடத்துல வேல இருக்கு." திடலில் கம்பம் நட்டால் பிள்ளைகள் எங்கே ஆடுவது? தலைமையாசிரியையிடம் கேட்டேன். பயிற்சி வேண்டாம், எல்லாரும் ஒரு மணிக்கே வீடு திரும்பட்டும் என்றார். உடனே குழுவில் அறிவிப்பு எழுதினேன். பிழையில்லாமல் எழுதினேன். சந்தி கூடச் சரியாக இருந்தது.

பத்து நிமிடத்தில் கட்டைவிரல் படங்கள் வந்து குவிந்தன. எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தொன்று. நாற்பத்துமூன்றில் நாற்பத்தொன்று என்றால் என்ன பொருள்? வெற்றி என்று பொருள் கொண்டேன். மீதி இருவர் யார் என்று கேட்டேனா? இல்லை. கேட்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்தை நான் எதற்குச் செலவழித்தேன் என்று இன்றுவரை நினைவில்லை.

ஒருவர், அன்று காலைதான் குழந்தை பெற்ற தாய். இன்னொருவர் ஷாமினி. இரண்டாம் ஆண்டு படிக்கும் திஷாலினியின் அம்மா. நீலாயில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை. காலை ஏழு மணிக்குக் கைபேசி பூட்டுப்பெட்டிக்குள் போனால், மாலை ஐந்து மணிக்குத்தான் கைக்கு வரும். பிள்ளையை அழைக்க வருபவர் அப்பா சந்திரன். லோரி ஓட்டுகிறார். மூன்று மணிக்கு மோட்டார் சைக்கிளில் வருவார், ஒரு நாளும் தவறியதில்லை. ஆனால் அவர் எண் குழுவில் இல்லை. என் சட்டம் அவரை உள்ளே விடவில்லை.

ஒரு மணிக்கு மணி அடித்தது. வகுப்பாசிரியைக்கு, திஷாலினி மணியம் அண்ணனின் பள்ளி வேனில் ஏறிவிட்டாள் என்ற எண்ணம். மணியம் அண்ணனுக்கு, அவள் அப்பாவோடு போய்விட்டாள் என்ற எண்ணம். எனக்கு? எனக்கு எந்த எண்ணமுமே இல்லை. நான் வாசலில் ஏணிமேல் நின்று, இதோ இந்த வரவேற்புப் பதாகையைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

கீழே ஒரு குரல். "அங்கிள், அப்பா இன்னும் வரல."

நான் குனிந்து பார்க்கவில்லை. வாயில் கயிறு. கயிற்றை எடுத்துவிட்டுச் சொன்னேன், "வந்துடுவாருமா. அங்கயே நில்லு."

சிறிது நேரத்தில் கயிறு போதவில்லை. காரை எடுத்துக்கொண்டு மந்தினுக்குப் போய்விட்டேன். போகும்போது வாசலில் அவள் நின்றாளா? தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்வதற்கே இந்த மேடையில் நா கூசுகிறது.

மூன்று மணி பத்து நிமிடம். கடையில் நிற்கிறேன், சந்திரன் அழைக்கிறார்.

"அண்ணே, கூடாரம் கட்டுனவங்களும் போயிட்டாங்க, கேட் பூட்டியிருக்கு. பாப்பா எங்கண்ணே?"

"வரேன்" என்று மட்டும் சொன்னேன். கார் ஓட்டினேனா, கார் என்னை ஓட்டியதா, அறியேன். முச்சந்தியைத் தாண்டித் தோட்டத்துச் சாலைக்குள் நுழையும்போது மழை பிடித்துக்கொண்டது. பெரிய மழை. எதிரே செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் சேறு தெறிக்க வருகின்றன. அந்தச் சாலையில் ஒரு பிள்ளை தனியே நடந்திருந்தால் என்ற நினைப்பு வந்தது. வந்ததும் அதைத் தள்ளினேன். தள்ளத் தள்ள வந்தது.

தேடினோம். வகுப்பறை தேடினோம், கழிப்பறை தேடினோம், கோயில் தேடினோம், கால்வாய் தேடினோம். சந்திரன் செம்பனை வரிசைக்குள் ஓடி ஓடிப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். மழைச் சத்தத்தில் அவர் குரல் எனக்கே கேட்கவில்லை, பிள்ளைக்கு எப்படிக் கேட்கும்? வள்ளிநாயகி அம்மையார் காவல் நிலையத்துக்குப் பேசிக்கொண்டிருக்கிறார். தொழிற்சாலையில் யாரையாவது பிடித்து ஷாமினியிடம் சொல்லச் சொல்லலாம் என்றால், அந்த எண்ணும் எங்களிடம் இல்லை.

நான்கு மணியளவில் ஒரு குலை லோரி நின்றது. ஓட்டுநர் தலையை நீட்டி மணியம் அண்ணனிடம் சொன்னார், "முச்சந்தி சாப்பாட்டுக் கடை அக்கா ஸ்கூலு புள்ள ஒன்ன புடிச்சி வச்சிருக்காங்க. உங்க புள்ளயா பாருங்கலா."

முச்சந்தி. நான் தாண்டி வந்த அதே முச்சந்தி. தலையைத் திருப்பியிருந்தால் பார்த்திருப்பேன்.

கடைக்காரர் சைதூன் பீவி அம்மாவை உங்களில் பலர் அறிவீர்கள். அவர் கையால் மீன்கறி சாப்பிடாதவர் இந்த வட்டாரத்தில் குறைவு. இரண்டு மணிக்குச் சீருடையில் ஒரு சிறுமி தனியே சாலையோரம் வருவதைப் பார்த்து, கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் கையைப் பிடித்திருக்கிறார். பிள்ளைக்கு அம்மாவின் எண் மட்டும்தான் தெரியும். பதினான்கு முறை அழைத்திருக்கிறார். பூட்டுப்பெட்டிக்குள் ஒலித்தால் யார் எடுப்பார்கள்? பள்ளியின் எண் அவரிடம் இல்லை. கடையில் வேறு ஆளும் இல்லை. எனவே ஒரு கையில் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் போகிற லோரியை எல்லாம் நிறுத்திச் சொல்லி அனுப்பியிருக்கிறார். ஒருவர் பிள்ளையை நானே கொண்டுபோய் விடுகிறேன் என்றாராம். தர மறுத்துவிட்டார்.

நாங்கள் போனபோது திஷாலினி பலகையில் உட்கார்ந்து மைலோ குடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், குறை சொல்லும் குரலில் அல்ல, விளக்கம் சொல்லும் குரலில் சொன்னாள், "அங்கிள், நீங்க நிக்க சொன்னீங்க. நான் ரொம்ப நேரம் நின்னேன்."

சந்திரன் தரையில் மண்டியிட்டு, அவள் கழற்றிப் போட்டிருந்த சப்பாத்தைக் காலில் மாட்டினார். வார் மாட்டவே நேரமாயிற்று.

சைதூன் பீவி அம்மா என் பக்கம் திரும்பினார். "தம்பி, நாப்பது வீட்டுக்குச் சொன்னீங்களாமே. இந்த ரோட்ட பாத்துக்கிட்டு நாள் பூரா நிக்கிறேன், எனக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்தானே?"

மறுநாள் ஷாமினி வந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். மெதுவாகக் கேட்டார். "அண்ணே, நீங்க எழுதுனத படிச்சேன். நல்லாத்தான் எழுதியிருந்தீங்க. நான் படிச்சேனான்னு பாத்தீங்களா?"

பிறகு அலுவலகத்துக்குப் போய், மகளைப் பட்டணத்துப் பள்ளிக்கு மாற்றும் விண்ணப்பப் பாரம் வாங்கிக்கொண்டு போனார்.

அன்றே பதவி விலகல் கடிதம் எழுதினேன். தலைமையாசிரியை வாங்கிப் படித்துவிட்டு என்னிடமே நீட்டினார். "நீங்க போயிட்டா உங்களுக்கு நிம்மதி. புள்ளைங்களுக்கு என்ன? இருந்து சரி பண்ணுங்க."

தலைமையாசிரியை அம்மா கடிகாரத்தைக் காட்டுகிறார். முடித்துவிடுகிறேன் அம்மா.

சரி செய்யத் தொடங்கினோம். இப்போது வீட்டுக்கு மூன்று எண்கள், அதில் ஒன்று வேலையிடத்து எண். நேரம் மாறினால் எழுதுவதோடு நிற்பதில்லை. பதில் வராத வீட்டுக்கு அழைக்கிறோம், அழைப்பு எடுபடாத வீட்டுக்கு ஆளே போகிறார். முச்சந்திக் கடையிலும் அறிவிப்பு ஒட்டுகிறோம். கடைசிப் பிள்ளை போகும்வரை வாசலில் ஒருவர் வெறுங்கையோடு நிற்கிறார். கயிறு இல்லை, ஏணி இல்லை, கைபேசி இல்லை.

ஷாமினி என்ன செய்தார் தெரியுமா? வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு நான்கு நாள் வந்து, சாலைக்கு அந்தப் பக்கம் நின்று, பள்ளி விடுவதைப் பார்த்தார். ஐந்தாம் நாள் என்னிடம் வந்தார். "கும்மி ஆடட்டும் அண்ணே. ஆனா பாரம் என் பேக்குலதான் இருக்கும்." கிழித்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்கும் தகுதி எனக்கில்லை. இன்று அவர் இங்கே அமர்ந்திருக்கிறார். அந்தப் பாரமும் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். வரட்டும். அது அவர் பையில் இருக்கும்வரை எனக்குத் தூக்கம் அளவாகவே வரும். அப்படியே இருக்கட்டும்.

என் மக்களே, மரபு மரபு என்று முழங்குகிறோம். மரபு என்பது கோலமா? கும்மியா? பட்டுப்பாவாடையா? எல்லாம்தான். ஆனால் அவற்றைச் சுமக்கப்போவது யார்? இந்தப் பிள்ளைகள் அல்லவா? பாட்டைக் கற்றுக்கொடுத்துவிட்டுப் பாடும் பிள்ளையைச் சாலையில் விட்டால், யாருக்காக அந்தப் பாட்டு? செய்தியை அனுப்புவது வேறு, சேர்ப்பது வேறு. சொல்வது வேறு, கேட்டார்களா என்று பார்ப்பது வேறு. மொழியை வளர்ப்போம் என்கிறோமே, ஒரு பிள்ளை கீழே நின்று நம் மொழியில் நம்மைக் கூப்பிடும்போது குனிந்து பார்ப்பதும் மொழியை வளர்ப்பதுதான். அதைச் செய்யாத பள்ளிக்குச் சுவர் எதற்கு, கூரை எதற்கு, ஆண்டுதோறும் விழா எதற்கு?

இன்று நிகழ்ச்சி பன்னிரண்டரைக்கு முடியும். ஒலிபெருக்கியில் அழைத்தாலும் பிள்ளை தானாக நடந்து வராது. ஆசிரியர் கையிலிருந்து உங்கள் கைக்கு வரும். தாமதமானால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோபம் வந்தால் என்னிடம் காட்டுங்கள். நான் எங்கும் போகமாட்டேன்.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், பேச இடம் தந்த தலைமையாசிரியைக்கும், கடையைப் பூட்டிவிட்டு வந்து நாலாவது வரிசையில் அமர்ந்திருக்கும் சைதூன் பீவி அம்மாவுக்கும், சந்திரன் ஷாமினி குடும்பத்துக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. கும்மிப் பிள்ளைகள் மேடைக்கு வரட்டும். எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று நான் எண்ணிக்கொள்கிறேன், இறங்கும்போதும் எண்ணுவேன். வணக்கம்.