நிலவின் குழியும் கிணற்று மண்ணும்

இருபது பேருக்கான அம்பகரத்தூர்–காரைக்கால் பேருந்தில் முப்பத்திரண்டு பேர். எனக்கு முன்னால், கிணறு வெட்டிப் பயிர் வைக்க வாங்கும் நிலத்தைப் பத்திரம் பதியக் காரைக்கால் போகும் விவசாயியும், அவர் மைத்துனரான வாத்தியாரும்.

"நிலாவுல கல்லு விழுந்த குழியோட கரையில, ஆழத்து மண்ணு மேல வந்து கிடக்குமாம் மச்சான். அதைப் பாத்தா உள்ள என்ன இருக்குன்னு சொல்லிடலாமாம்."

விவசாயி சிரித்தார். "அங்கயே நாத்து விடுங்க வாத்தியாரே! நானும் பக்கத்துக் கொல்லையில கிணறு வெட்டிக் கொட்டுன மண்ணைப் பாத்துட்டுத்தான் வாங்குறேன். அருமையான வண்டல்."

"குவியல்ல எங்க எடுத்தீங்க?"

"அடியிலதான். மேல கிடந்த மணலை வாயில வச்சேன், உப்புக் கரிச்சுது. துப்பிட்டேன்."

"கடைசியா வெட்டுனதுதானே மேல கிடக்கும்? தண்ணி அந்த மண்ணுலேருந்துதானே ஊறும்?"

விவசாயி நடத்துனரைக் கூப்பிட்டார். "அம்பகரத்தூருக்குத் திரும்புற பஸ் எப்பங்க?"