நம்பர் வந்துச்சா, அக்கா?

என் தம்பிக்கு மிச்சச் சில்லறையை எண்ணி வாங்கத் தெரியாது. கடைக்காரர் கொடுப்பதை அப்படியே சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுவான். இதை முதலில் சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் உங்களுக்குச் சுலபமாகப் புரியும் என்று நினைக்கிறேன். நடந்ததை என் கைப்படவே எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுவதில் எனக்குச் சிரமமில்லை. மருந்துக் கடையில் நின்று டாக்டர்களின் கிறுக்கலை வாசித்தே பாதி வாழ்க்கை போய்விட்டது. என் எழுத்தாவது அடுத்தவருக்குப் புரியட்டும் என்று பழகிக்கொண்டவள் நான்.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் ஏறி நின்றுகொண்டு, மேலே தொங்கும் இரும்பு வடத்தை விரலால் தடவியே எங்கே தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான். அப்படிப்பட்டவருக்கா சில்லறை எண்ணத் தெரியாது என்று அவன் மனைவி ஒருமுறை என்னிடம் கேட்டாள். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எல்லாரும் எல்லாவற்றையும் படித்துத் தெரிந்துகொள்ளலாம் என்பது டீச்சர்களுக்கு உள்ள நம்பிக்கை. நான் அவளோடு வாதம் செய்யவில்லை.

அம்மா போன பிறகு அவனை வளர்த்தது நான்தான். எனக்கும் அவனுக்கும் இரண்டு வயதுதான் வித்தியாசம். வளர்ப்பதற்கு அது போதும். அவன் முதல் சம்பளத்தை என் கையில் கொடுத்தான், அடுத்ததையும் கொடுத்தான், பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. கல்யாணமான பிறகும் நான் அந்த வழக்கத்தை நிறுத்தவில்லை. புதுசாக வந்தவளுக்கு அவன் கை ஓட்டையைப் பற்றி என்ன தெரியும்? வீட்டுச் செலவுக்கு வேண்டியதை நானே பார்த்துக் கொடுத்தேன். ஒருநாளும் குறை வைத்ததில்லை. ஆனாலும் டீச்சர் சில வருஷங்களில் பெட்டியைக் கட்டிவிட்டாள். வாசலில் நின்று அவள் சொன்னது இதுதான்:

"நான் ஒருத்தரைத்தான் கட்டிக்கிட்டேன்னு நெனச்சேன் அண்ணி. அவர் நல்லவருதான். என்ன, அவர் எப்பவும் தனியா வீட்டுக்கு வந்ததே இல்ல."

அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

விவாகரத்து முடிந்தபோது தம்பியிடம் இரண்டு பைகளும் ஒரு கருவிப் பெட்டியும்தான் இருந்தன. சேமிப்பில் இருந்ததை நீதிமன்றம் சொன்னபடி அவளுக்குக் கொடுத்தாகிவிட்டது. அவள் அவன் தலையில் மிளகாய் அரைத்தாள் என்று சொல்ல மாட்டேன். பாதியைத் திருப்பித் தருவதாகச் சொன்னாள், நான்தான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவளோடு எந்த ஒட்டும் உறவும் இருக்கக் கூடாது அல்லவா? என் வீட்டின் பின்னறையைக் காலி செய்து அவனுக்குக் கொடுத்தேன். அன்று அவன் கட்டிலில் உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பாவமாக இருந்தது. அதே சமயம், உண்மையை எழுதச் சொன்னதால் எழுதுகிறேன், எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது. பல வருஷங்களுக்குப் பிறகு வீட்டில் இரண்டு தட்டுகள் கழுவினேன்.

வங்கியில் அவனுக்குப் புதுக் கணக்குத் தொடங்கியபோது படிவத்தில் என் போன் நம்பரைக் கொடுத்தேன். கூட இருந்த அவனும் சரியென்று தலையாட்டினான். அதனால் அவன் எதை வாங்கப் போனாலும் வங்கி அனுப்பும் அந்த ஆறு இலக்க நம்பர் என் போனுக்குத்தான் வரும். அவன் என்னைக் கூப்பிட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

"நம்பர் வந்துச்சா, அக்கா?"

"வந்திருக்கு. என்ன வாங்குற?"

"சின்ன ரேடியோ ஒண்ணு. ரூம்ல வெச்சுக் கேக்கலாம்னு."

"ரேடியோ எதுக்குடா? நான்தான் பேசிக்கிட்டே இருக்கேனே."

அவனும் சிரிப்பான். ரேடியோவைத் திரும்ப வைத்துவிட்டு வந்துவிடுவான். நியாயமான செலவு என்றால் நான் நம்பரை உடனே சொல்லிவிடுவேன். கடையில் கூட்டம் இருந்தால் கொஞ்சம் காக்க வைப்பேன், அவ்வளவுதான். ஒரு நாளைக்கு ஒருமுறையாவது போன் வரும். வாடிக்கையாளரிடம் மருந்தைக் கொடுத்துக்கொண்டே "ஒரு நிமிஷம், தம்பி கூப்பிடுறான்" என்று சொல்வது எனக்குப் பிடிக்கும்.

அவனோடு வேலை செய்பவன் ஒருத்தன் இருக்கிறான். தலைமுடியைப் பார்த்து எல்லாரும் சுருட்டை என்று கூப்பிடுவார்கள். அவனுக்கு இதில் மூக்கை நுழைக்காமல் இருக்க முடியவில்லை. "ஏம்பா, டீ குடிக்கவும் அக்காகிட்ட பர்மிஷன் வாங்கணுமா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டானாம். தம்பி இதை என்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் சாப்பிட்ட தட்டை அன்று அவனே கழுவி வைத்தான். எனக்கு அது சரியாகப் படவில்லை.

சுருட்டைதான் அவனுக்கு ஒரு வாடகை அறையைப் பார்த்துக் கொடுத்தது. முன்பணம் கட்டுவதற்காக வீட்டுக்காரர் எதிரிலேயே நின்று தம்பி என்னைக் கூப்பிட்டான்.

"நம்பர் வந்துச்சா, அக்கா?"

"இன்னும் வரலையேடா."

"மறுபடியும் அனுப்பச் சொல்றேன். இப்ப பாரு."

"ம்ஹூம். டவர் இல்ல போல."

நம்பர் என் உள்ளங்கையில்தான் இருந்தது. ஒவ்வொன்றாக வந்தது, ஒவ்வொன்றாகக் காலாவதியானது. வீட்டுக்காரர் பொறுமை இழந்து அறையை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார். தம்பி முகம் வாடி வந்தான். எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது. முட்டை பொரித்துக் கொடுத்தேன்.

அதன்பிறகு சில வாரங்கள் அவன் அறையைப் பற்றிப் பேசவே இல்லை. விட்டுவிட்டான் என்று நானும் நிம்மதியாக இருந்தேன். ஒருநாள் கடையில் ஒரு கிழவருக்குக் கண் மருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது வங்கியிலிருந்து செய்தி வந்தது. இந்தக் கணக்கிலிருந்து உங்கள் எண் நீக்கப்பட்டது என்று இருந்தது. கிழவருக்குக் காது மருந்தைக் கொடுத்துவிட்டு, பிறகு பின்னாலேயே ஓடிப்போய் மாற்றிக் கொடுத்தேன். நான் வேலையில் தப்புச் செய்கிறவள் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

தம்பி அன்று விடுப்பு எடுத்துக்கொண்டு தானே வங்கிக்குப் போயிருக்கிறான். தானே வரிசையில் நின்று, தானே படிவம் நிரப்பியிருக்கிறான். வீட்டுக்கு வந்ததும் போனை மேசைமேல் வைத்தான்.

"இனிமே உனக்குத் தொந்தரவு இல்லக்கா."

தொந்தரவு என்று நான் எப்போதாவது சொன்னேனா? ஒருநாளும் இல்லை. ஆனாலும் நல்லது என்றுதான் சொன்னேன். வேறொரு அறையும் பார்த்துவிட்டான், அச்சகத்துக்கு மேலே. முன்பணமும் கட்டியாயிற்று.

"ஒண்ணாந்தேதி போறேன்க்கா. வாராவாரம் வந்து உன்னைப் பாத்துட்டுப் போறேன். நீயும் வா. ஒரு மாடிதான், ஏறிடலாம்."

அதைச் சொன்னபோது அவன் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பரீட்சையில் பாஸான பையனைப் போல இருந்தான். பின்னறையின் மூலையில் ஒரு அடுப்பு வந்தது, ஒரு பாத்திரம் வந்தது, ஒரே ஒரு தட்டு வந்தது. அந்த ரேடியோவும் வந்தது. அவன் வேலைக்குப் போன பிறகு நான் அவற்றைத் துடைத்து வைப்பேன். கடையில் என் போன் அடிக்கவே இல்லை. ரிப்பேரோ என்று பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிடச் சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் அடித்தது. அன்று மருந்து அலமாரிக்குப் பின்னால் நின்று அழுதேன்.

தும்மலுக்கு ஒரு சின்ன மாத்திரை உண்டு. போட்டால் தூக்கம் சொக்கும். வண்டி ஓட்டாதீர்கள், உயரத்தில் ஏறாதீர்கள் என்று வாங்குகிற எல்லாரிடமும் நான் சொல்லித்தான் கொடுப்பேன். அதைப் பொடித்தால் காபியின் கசப்பில் தெரியாது. வேலையில் ஒருநாள் தூங்கி வழிந்தால் முதலாளி திட்டுவார். திட்டு வாங்கினால் தனியாக இருப்பது தனக்குச் சரிப்படாது என்று அவனுக்கே புரியும். என் எண்ணம் அவ்வளவுதான். குழந்தைக்குப் பால் மறக்கடிக்க மார்பில் கசப்புத் தடவுவதில்லையா, அதுபோலத்தான்.

முதல் சில நாட்கள் சுருட்டை அவனை உட்கார வைத்துவிட்டு அவன் வேலையையும் சேர்த்துப் பார்த்திருக்கிறான். பிறகு முதலாளி கண்ணில் பட்டுவிட்டது. குடித்துவிட்டு வருகிறாயா என்று வாயை ஊதச் சொன்னாராம். குடிப்பழக்கமே இல்லாதவன். அன்று மாலை வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அக்கா, எனக்கு என்னமோ ஆகுது. தலை கிறுகிறுங்குது. மேல நிக்கும்போது கால் எங்க இருக்குன்னே தெரியல."

"ஒண்ணும் இல்லடா. மனசுல கவலை."

"டாக்டர்கிட்ட போலாமா?"

"நான் பாக்காத வியாதியா? படு."

மடியில் தலை வைத்துப் படுத்தான். தலையைக் கோதிவிட்டேன். முன்நெற்றியில் முடி கொட்டிப்போயிருந்தது. சின்ன வயதில் எவ்வளவு அடர்த்தி! கொஞ்ச நேரம் கழித்து அவனாகவே சொன்னான்.

"போகலக்கா. இந்த நிலைமைல தனியா இருக்கப் பயமா இருக்கு. கொஞ்ச நாள் இங்கயே இருக்கேன்."

படுத்தபடியே அச்சகக்காரரைக் கூப்பிட்டு அறை வேண்டாம் என்று சொல்லிவிட்டான். முன்பணம் திரும்ப வராது என்றாராம். பரவாயில்லை என்று சொன்னான்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாமே என்று நேற்று நீங்கள் கேட்டீர்கள். அந்தக் கேள்விக்குத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். நிறுத்தத்தான் நினைத்தேன். மாத்திரை அட்டையைக் கடையிலேயே திரும்ப வைத்துவிட வேண்டும் என்று பையிலும் எடுத்து வைத்தேன். காலையில் காபி கலக்கும்போது அந்தச் சொல் நினைவுக்கு வந்தது. கொஞ்ச நாள். கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள்? தலை தெளிந்ததும் மறுபடியும் கிளம்புவான். மறுபடியும் ஒரு அறை, மறுபடியும் ஒரே ஒரு தட்டு. அதை இன்னொரு தடவை என்னால் தாங்க முடியாது. பையைத் திறந்து அட்டையை எடுத்தேன். வழக்கத்தைவிடக் கூடவே போட்டேன்.

அன்று அவன் உற்சாகமாகத்தான் கிளம்பினான். "இன்னிக்குக் கொஞ்சம் பரவாயில்லக்கா" என்றான்.

மற்றதைச் சுருட்டை சொல்லித்தான் எனக்குத் தெரியும். தம்பி லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நின்றிருக்கிறான். மேலே மோட்டார் அறையிலிருந்து சுருட்டை "ஏத்தட்டுமா?" என்று கேட்டிருக்கிறான். பதில் இல்லை. எட்டிப் பார்த்தபோது தம்பி சுவரில் சாய்ந்து நின்றிருந்தானாம், பஸ்ஸில் நின்றபடியே தூங்குகிறவர்கள் மாதிரி. சுருட்டை பேர் சொல்லிக் கத்தியிருக்கிறான். கூப்பிட்ட குரலுக்கு நிமிர்ந்தவன் நிலை தடுமாறிப் பெட்டிக்கும் சுவருக்கும் இடையில் விழுந்துவிட்டான். உயிர் இருக்கிறது. கழுத்துக்குக் கீழே எதுவும் வேலை செய்யவில்லை. பேச்சும் போய்விட்டது.

ரத்தத்தில் மருந்து இருந்தது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மருந்து போட்டுக்கொண்டு உயரத்தில் ஏறியது அவன் குற்றம், அதனால் பணம் எதுவும் தர முடியாது என்று கம்பெனி சொன்னது. சுருட்டை வராந்தாவில் நின்று எல்லாரோடும் சண்டை போட்டான். கணக்கு டீச்சரும் வந்திருந்தாள். யார் சொன்னார்களோ தெரியவில்லை. அவன் பாதத்தைப் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அவருக்குத் தும்மலே வராதே அண்ணி. அந்த மாத்திரை எதுக்கு?"

அவள்தான் உங்களிடம் வந்தாள் என்று தெரியும். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. நான் எதையும் மறைக்கவும் இல்லை. அதுவரை யாரும் என்னைக் கேட்கவில்லை, அவ்வளவுதான். தம்பிமேல் பழி விழக் கூடாது. அந்த மாத்திரையை அவன் போட்டுக்கொள்ளவில்லை. நான்தான் பொடித்து அவன் காபியில் கலந்தேன், பல நாட்கள் கலந்தேன், அவன் எங்கே ஏறி நிற்கிறவன் என்று தெரிந்தே கலந்தேன். அவன் விழ வேண்டும் என்று நினைக்கவில்லை. விழுந்தால் என்ன ஆகும் என்று நினைக்காமலும் இல்லை. விழுந்தால் வீட்டிலேயே இருப்பான் என்றும் ஒருநாள் தோன்றியது. இதை எழுதிவிட்டேன். கையெழுத்தும் போடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது அவனை டீச்சரோடு அனுப்பலாமா என்று யோசிப்பதாகக் கேள்விப்பட்டேன். அவனையே கேட்டுப் பார்க்கலாம் என்றார் டாக்டர். நான் ஏற்கெனவே கேட்டுவிட்டேன். உங்கள் பெண் காவலர் என்னை அங்கே அழைத்துப் போனபோது அவரும் பக்கத்தில்தான் நின்றார், விசாரித்துக்கொள்ளுங்கள். ஆமாம் என்றால் கண்ணை மூட வேண்டும், இல்லை என்றால் மேலே பார்க்க வேண்டும் என்று நர்ஸ் அவனுக்குப் பழக்கியிருக்கிறார். நான் குனிந்து, "அக்காகூட நம்ம வீட்டுக்கு வந்துடுறியாடா?" என்று கேட்டேன். என் முகத்தைப் பார்த்த உடனே கண்ணை மூடினான். மற்றவர்களுக்கெல்லாம் ஒரு நொடி மூடித் திறப்பான் என்று நர்ஸ் சொன்னார். எனக்கு அப்படியில்லை. இறுக்கி மூடிக்கொண்டவன், நான் அந்த அறையை விட்டு வெளியே போகும்வரை திறக்கவே இல்லை. அவ்வளவு அழுத்தமாக ஆமாம் சொன்னான்.