பாதிக்கு மேல

இதுக்குப் போயி என்கிட்டயா யோசனை கேக்குறீங்க? சரி, கேட்டுட்டீங்க. போனை இந்தப் பக்கம் திருப்புங்க. ஆமா, இதேதான். பைக் இன்சூரன்ஸ் புதுப்பிக்கிறப்ப கடைசியில ஒரு கட்டம் வந்து பல்ல இளிச்சுக்கிட்டு நிக்கும், வக்கீல் செலவுக்கும் சேத்துக்கிறீங்களான்னு. இருபத்தஞ்சு பவுண்டுதான், ரெண்டு பேரு மீனும் சிப்ஸும் தின்னா போயிரும். மேல படத்துல ஒரு ஜோடி ஹெல்மெட்ட கையில வச்சுக்கிட்டு சிரிக்குது பாருங்க. என்னைக்காச்சும் மழையில வண்டி ஓட்டிருக்குமா அந்த மூஞ்சிங்க.

உங்க ஹெல்மெட்ட தரையில வைக்காதீங்க தம்பி, ஈரம். இப்பிடி ஜன்னல் பலகைமேல வைங்க. வாத்து என்னைப் பாத்தமாதிரியே இருக்கட்டும், பரவால்ல. தலைமேல ரப்பர் வாத்த ஒட்டிக்கிட்டு பக்ஸ்டன் மலைய சுத்துறவரு இன்சூரன்ஸப் பத்திக் கவலப்படுறாரு. நல்லா இருக்கு. சர்க்கரை ரெண்டா? பெரில், இவருக்கு ஒரு பேக்கன் ரோல். கறி நல்லா முறுகட்டும், அவசரம் ஒண்ணுமில்ல.

விஷயத்துக்கு வர்றேன். எவனாவது வந்து உங்கள இடிச்சான்னா உங்க இன்சூரன்ஸ் உங்க வண்டியப் பாத்துக்கும். உடைஞ்ச கால யாரு பாப்பா? போன சம்பளத்த யாரு வாங்கித் தருவா? அதுக்கு இடிச்சவன்மேல கேஸ் போடணும். கேஸ் போட வக்கீல் வேணும். அந்த வக்கீலுக்குத்தான் இந்த இருபத்தஞ்சு பவுண்டு. கேக்க நல்லாத்தான் இருக்கும். நாங்களும் கேட்டோம். வருஷா வருஷம் கட்டுனோம்.

நாங்கன்னா என் வீட்டுக்காரர் க்ளைவும் நானும். அவரு டைல் ஒட்டுறவரு. இந்தப் பக்கம் பாதி வீட்டு பாத்ரூம் அவரு கைவேலைதான். முட்டி போட்டே பொழச்ச மனுஷன். ஈஸ்டர் கழிஞ்சு ஒரு ஞாயித்துக்கெழம, லீக் ஊருக்குப் போற ரோட்டுல அந்தச் செடி விக்கிற கடை இருக்குல்ல, அதுக்குள்ளருந்து ஒரு கார் வெளிய வருது. முன்சீட்டுல பெரிய ரோஜாத் தொட்டி, அதுக்கு சீட் பெல்ட்டு வேற போட்டிருக்கா அந்தம்மா. ரோட்டுல வர்ற பைக் கண்ணுக்குத் தெரியல. நேரா வந்து இவரு காலுல ஏத்திட்டா. முட்டி நொறுங்கிப் போச்சு. இப்ப மடங்காது. முட்டி மடங்காத டைல்காரன எவன் தம்பி கூப்புடுவான்?

இறங்கி வந்து என்ன சொன்னா தெரியுமா? உங்களப் பாக்கவே இல்லைங்கன்னா. எல்லாரும் சொல்றதுதான். பைக்காரன இடிச்சா சொல்லணும்னு லைசென்ஸோட சேத்து எழுதிக் குடுத்துருவாங்கபோல. அது கெடக்கட்டும். எனக்கு அவமேல கூட அவ்வளவு எரிச்சல் இல்ல. எரிச்சல் பூரா இவருமேலதான். கால் ஒரு பக்கம் திரும்பிக் கெடக்கு, ரோட்டுல மல்லாந்து கெடக்குறாரு, அவளப் பாத்துச் சொல்றாரு: சாரிம்மா, உங்க ஞாயித்துக்கெழமையக் கெடுத்துட்டேன்னு.

சிரிங்க, சிரிங்க. நம்மாளுங்க பூரா அப்பிடித்தான். கடையில எவளோ தள்ளுவண்டிய இவரு குதிகால்ல ஏத்துவா, இவரு சாரிம்பாரு. கதவுல இடிச்சுக்கிட்டா கதவுகிட்ட சாரிம்பாரு. அது வாயில வர்ற மூச்சு, அதுக்கு அர்த்தமே கெடையாது. ஆனா அந்தம்மா வீட்டுக்குப் போயி நிதானமா எழுதிக் குடுத்திருக்கா, பைக்காரர் வேகமா வந்தாரு, தப்பு தன்மேலதான்னு அங்கயே மன்னிப்புக் கேட்டாருன்னு. இவருக்கு அத மறுக்கவும் தெரியல. சொன்னது வாஸ்தவந்தானேங்கிறாரு. பெரிய தருமரு.

வக்கீலா? வக்கீல எங்க பாத்தோம். அது ஒரு போன் குரல். ரொம்ப சந்தோஷமான குரல், பிறந்தநாளுக்கு வாழ்த்துச் சொல்றாப்புல பேசும். உங்க பாலிசியில சின்ன எழுத்துல ஒண்ணு இருக்குங்க, ஜெயிக்கிற வாய்ப்பு பாதிக்கு மேல இருந்தாத்தான் நாங்க கேஸ் எடுப்போம்னுச்சு. உங்க கேஸ்ல அவங்க ஒண்ணு சொல்றாங்க, நீங்க ஒண்ணு சொல்றீங்க, நடுவுல ஒரு சாரி கெடக்கு. அதனால கரெக்டா பாதிதான் வருது, வருத்தமா இருக்குங்கன்னுச்சு. வருத்தமாம். கேஸ் கெலிக்கும்னு தெரிஞ்சா நானே கெலிச்சுட்டுப் போறேன், எனக்கு நீ எதுக்குடான்னு கேட்டேன். அதுக்கும் வருத்தப்பட்டுச்சு. ஜெயிச்சா பங்கு எடுத்துக்கிற வெளி வக்கீலுங்களையும் கேட்டாச்சு. சாரின்ன வார்த்தையக் கேட்டதும் போன வச்ச வேகம் இருக்கே, அந்த வேகத்துல இவரு வண்டி ஓட்டிருந்தா அந்தக் கார் வர்றதுக்கு முன்னாடியே லீக் போயிருப்பாரு.

இப்ப வெள்ளிக்கெழம வரைக்கும் நேரம் குடுத்திருக்காங்க. நடந்தத நேர்ல பாத்த ஒரே ஒரு ஆளக் கொண்டுவந்துட்டா பாதிக்கு மேல ஆயிருமாம். இல்லேன்னா ஃபைல மூடிருவாங்க. அவ்வளவுதான், இவரு முட்டியும் போச்சு, பொழப்பும் போச்சு.

ஆளா? ஆள் இருந்தாரே. அதச் சொன்னாத்தான் எனக்கு வயிறு எரியும். உங்காளு ஒருத்தருதான், எதிர்ல பைக்ல வந்தவரு. நீங்கல்லாம் ரோட்டுல போறப்ப முன்னபின்ன தெரியாதவனுக்குத் தலைய ஆட்டிக்கிறீங்கல்ல, என்னமோ ஒரு வயித்துப் பிள்ளைங்க மாதிரி. அந்த மாதிரி ஒருத்தரு. வண்டிய நிறுத்துனாரு, இவரு பைக்கத் தூக்கி ஓரமா வச்சாரு, தன் ஜாக்கெட்டச் சுருட்டி இவரு தலைக்குக் குடுத்தாரு. குறை சொல்ல மாட்டேன். தூரத்துல ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டதும் நம்ம தருமரு வாயத் தொறந்துட்டாரு. நான் நல்லாத்தான் இருக்கேன், நீங்க கெளம்புங்க, நல்ல வெயிலு, வீணாக்காதீங்கன்னு. அந்த ஆளும் தலைய ஆட்டிட்டு ஜாக்கெட்ட எடுத்துக்கிட்டு போயே போயிட்டாரு. பேரு கெடையாது, ஊரு கெடையாது. ஒருத்தனுக்கு வழியனுப்பத் தெரியுது, இன்னொருத்தனுக்குப் போகத் தெரியுது. நல்ல சகோதரத்துவம்.

அதனால உங்க கேள்விக்கு என் பதில் இதான். அந்தக் கட்டத்துல டிக் போடுறதுன்னா போடுங்க, இருபத்தஞ்சு பவுண்டுல நீங்க ஒண்ணும் ஓட்டாண்டியாயிர மாட்டீங்க. ஆனா கீழ விழுந்தீங்கன்னா வாய மூடிக்கிட்டுப் படுங்க. பக்கத்துல எவன் நின்னாலும் அவன் பேரக் கேளுங்க. அது இல்லாம இந்த டிக்க வச்சு நாக்கு கூட வழிக்க முடியாது.

ஏன் எந்திரிக்கிறீங்க? உக்காருங்க. ரோல் இன்னும் வரல. டீயும் அப்பிடியே இருக்கு.

நானா? நான் டீக்கடைக்காரி இல்ல தம்பி. ஒரு ஸ்கூல் ஆபீஸ்ல கிளார்க்கு. இந்த மலையில பைக் ஓட்டுற எவனும் பெரில் கையால டீ குடிக்காமக் கீழ இறங்க மாட்டான்னாங்க. அதான் அவகிட்டப் பேசி, ஞாயிறானா இந்த ஜன்னல்ல வந்து நிக்கிறேன், சம்பளமெல்லாம் கெடையாது. பைக்காரங்களுக்கு டீ ஊத்துறது எனக்கொண்ணும் ஆசையில்ல. க்ளைவுக்கு ஜாக்கெட்டு குடுத்த அந்த ஆளு மூஞ்சி ஞாபகமில்ல, ஹெல்மெட்ட கழட்டவே இல்லையாம். தலைக்கு மேல மஞ்சளா ஒரு வாத்து நின்னுச்சுன்னு மட்டும் சொல்றாரு. வலியில உளறிருப்பாருங்கன்னு அந்தப் போன் குரல் சொல்லுச்சு. நானும் கொஞ்சம் அப்பிடித்தான் நெனச்சேன், இன்னைக்கு நீங்க வந்து நிறுத்துற வரைக்கும்.

அட, நீங்க ஏன் சாரிங்கிறீங்க. அந்த வார்த்தைய என்கிட்ட பேசவே பேசாதீங்க. பாத்தீங்களா, கார் வெளிய வந்தத? பாத்தீங்கள்ல? இவரு மெதுவாத்தானே வந்தாரு? சரி. மூச்ச விடுங்க. அத எழுதிக் குடுத்தாப் போதும், வேற ஒண்ணும் கேக்கல.

அந்தா, குப்பைத்தொட்டி பக்கத்துல நீலக் கார். உள்ள உக்காந்திருக்காரு, ஒவ்வொரு வாரமும் கூடவே வந்துருவாரு. காரவிட்டு இறங்க அவருக்கு நேரமாகும், அதனால நீங்களே வந்துருங்க. டீய எடுத்துக்குங்க. ஹெல்மெட்ட மாட்டிக்கிட்டே வாங்க, அப்பத்தான் அடையாளம் தெரியும். உங்களப் பாத்ததும் மொத வேலையா, தொந்தரவு குடுத்துட்டேன், சாரின்னுதான் சொல்லுவாரு. கண்டுக்காதீங்க.