துண்டுக்கு அடியில் ஒரு சிரிப்பு

பாப்பாயி: சிரிச்சீங்களா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க.

முருகையன்: காலைக் கழுவக்கூட விடாம... மொதல்ல தண்ணி குடு புள்ள.

பாப்பாயி: சொன்னாத்தான் தண்ணி. துண்டுக்கு அடியில விரலைப் பிடிச்சு மாட்டுக்கு விலை பேசத்தான், தரகரான எங்கப்பா தனக்குப் பதிலா உங்களைச் சந்தைக்கு அனுப்புனாரு. மொத நாளே சரிப்படலைன்னா, அடுத்த சந்தைக்கு அந்தத் துண்டு என் தங்கச்சி வூட்டுக்காரரு தோளுக்குப் போயிடும். ஞாபகம் இருக்குல்ல?

முருகையன்: இருக்கு, இருக்கு. அதான் உங்கப்பா மாதிரியே மூஞ்சியை வச்சுக்கிட்டுப் போனேன்.

பாப்பாயி: ஜப்பான்காரன் குண்டு போட்டாக்கூட அசையாத மூஞ்சியாச்சே அது. உங்களுக்கு எங்க ஒட்டும்?

முருகையன்: ஒட்டலை. செந்துறை தாண்டுறதுக்குள்ளயே தாடை வலிச்சுப்போச்சு.

பாப்பாயி: அப்புறம்?

முருகையன்: லப்பைக்குடிக்காட்டு பாய் ஒருத்தரு காளை வாங்க வந்தாரு. துண்டுக்குள்ள கையை விட்டு ரெண்டு விரலைத்தான் பிடிச்சாரு...

பாப்பாயி: ஐயோ, கூசிருச்சா.

முருகையன்: சிரிச்சேன் பாரு ஒரு சிரிப்பு. பக்கத்துல நின்ன எருமை அங்கேயே கன்னு போட்டுடுச்சு. இன்னும் ஒரு மாசம் இருந்துச்சாம்.

பாப்பாயி: எருமை கெடக்கட்டும். பாய் என்ன செஞ்சாரு?

முருகையன்: அவரு சொன்ன விலை கம்மின்னு சிரிக்கிறேன்னு நெனச்சு, விலையை ஏத்தி இன்னொரு விரலைச் சேத்துப் பிடிச்சாரு. அதுக்கும் சிரிச்சேன். இன்னொண்ணு...

பாப்பாயி: விட்டா காளையை யானை விலைக்கு வாங்கியிருப்பாரே.

முருகையன்: எனக்கே பாவமாப் போச்சு. உங்கப்பா மூஞ்சியைக் கழட்டி வச்சுட்டு உள்ளதைச் சொல்லிட்டேன். “பாய், எனக்குக் கை கூசும். நீங்க மொதல்ல சொன்ன விலையே நியாயம். ஆனா இந்தக் காளை தண்ணியைக் கண்டா படுத்துக்கும், அதையும் தெரிஞ்சுக்கங்க”ன்னேன்.

பாப்பாயி: விக்க வந்தவரு அடிக்க வரலையா?

முருகையன்: வந்தாரு. பாய்தான் தடுத்தாரு. “சிரிப்பையே மறைக்கத் தெரியாத ஆளு, மாட்டோட குத்தத்தையா மறைக்கப் போறான்”னு சொல்லி அந்தக் காளையையே ஓட்டிக்கிட்டும் போயிட்டாரு. அதுக்கப்புறம் வாங்க வந்த சனம் பூரா, சிரிக்கிற தரகரு பொய் சொல்ல மாட்டாருன்னு என் துண்டைத்தான் தேடி வந்துச்சு.

பாப்பாயி: அப்பத் துண்டு நமக்குத்தான்... பின்ன மூஞ்சி ஏன் தொங்குது?

முருகையன்: இந்தா, துண்டு. உள்ள கையை விட்டு என் விரலைப் பிடி.

பாப்பாயி: பிடிச்சுட்டேன்... என்னங்க, சிரிக்கக் காணோம்?

முருகையன்: அதான் சேதி. பொழுது சாயுறப்பக் கூச்சம் போயிடுச்சு. பயம் விட்டுச்சுல்ல, அதுவும் கூடவே போயிடுச்சு போல. கடைசியா வந்தவரு, “என்ன தரகரே, சிரிக்கக் காணோம், மாட்டுல என்ன கோளாறு”ன்னு கையை உருவிக்கிட்டாரு.

பாப்பாயி: சும்மாவாச்சும் சிரிச்சிருக்கலாமில்ல?

முருகையன்: சிரிச்சுப் பாத்தேன். பொய்ச் சிரிப்பு எனக்கு வரலை புள்ள. வூட்டுல யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லையான்னு கேக்குறாங்க... அது சரி, நீ ஏன் என் தலையையே பாக்குற?

பாப்பாயி: கோவிச்சுக்காதீங்க... உங்க கூச்சம் போகணும்னு காலையில செட்டிகுளத்து முருகனுக்கு வேண்டிக்கிட்டேன். மொட்டைதான்... உங்களுக்கு.